பட்டாளத்து மேட்டில் ஒரு கல் குறைவு

பட்டாளத்து மேட்டில் கிடக்கும் கற்களை நான் பதினான்கு முறை எண்ணியிருக்கிறேன். பெரிய குவியல் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு தொகையைக் கொடுத்தது. ஆயிரத்து முந்நூற்றிரண்டு, ஆயிரத்து இருநூற்றுத் தொண்ணூற்றேழு, ஆயிரத்து முந்நூற்றுப் பதினொன்று. அதற்கு அருகே இருக்கும் சின்னக் குவியல் ஒரு முறைதான் பிசகியது. அந்த ஒரு முறையைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

றக்வான டவுனிலிருந்து பஸ் நாற்பத்தொரு வளைவு ஏறி எங்கள் சந்தியில் நிற்கும். அங்கிருந்து தேயிலைக்குள் ஒரு மணி நேரம் நடந்தால் ஒரு கணவாய் வரும். இடது பக்கம் செங்குத்தான பாறை. அதில் பாறைத் தேன் கூடுகள் தொங்கும். நான் முதலில் எண்ணியபோது பத்தொன்பது. வலது பக்கம் பள்ளம். நடுவில் ஒருவர் பின் ஒருவராகத்தான் போகலாம். கணவாய் தொடங்கும் இடத்திலுள்ள மேட்டில் அந்தக் கற்கள் கிடக்கின்றன.

முப்பத்தெட்டு வருஷம் அந்தத் தோட்டத்து ஆபீசில் இருந்தேன். கடைசிப் பதினாறு வருஷம் பெரிய கிளாக்கர். 1992-இல் ஓய்வு. குவார்ட்டர்ஸைக் காலி செய்து, தோட்டத்து எல்லைக்கு வெளியே, கிராமத்துப் பக்கம் கட்டிய இரண்டு அறை வீட்டுக்கு வந்தோம்: நான், மனைவி, மகன். காலையில் பெரட்டுக்குச் சங்கு ஊதியதும் என் கை தானாகப் பேனையைத் தேடும். ஆட்களை வரிசையில் நிறுத்தித் தலை எண்ணிச் செக்ரோல் புத்தகத்தில் பேர் போடுவதைத்தான் பெரட்டு என்பார்கள். எண்ண ஆட்கள் இல்லாததால் கற்களை எண்ணப் போனேன். இடது பையில் தேயிலை விதைகளைப் போட்டுக்கொண்டு, நூறு கல்லுக்கு ஒரு விதையை வலது பைக்கு மாற்றுவேன்.

கற்கள் எப்படி வந்தன என்பதை எனக்குச் சொன்னவர் கித்துள் பனையில் கள் சீவுகிற ஒரு சிங்களக் கிராமத்து மனிதர். எங்கள் வீட்டிலிருந்து மூன்றாவது வளவு. அவரை ராலஹாமி என்று கூப்பிடுவேன். போலீஸ்காரர்களையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள் என்பதால் அவருக்கு அதில் ஒரு சந்தோஷம். தமிழ் நன்றாகப் பேசுவார்.

“எழுநூறு, மாத்தயா. ஒண்ணு கூடாது, ஒண்ணு குறையாது,” என்றார்.

“நான் எண்ணினேன். ஆயிரத்து முந்நூத்தி ரெண்டு.”

“அப்ப மாத்தயா எண்ணினது பிழை.”

“கல்லு கண்ணு முன்னால கிடக்குது, ராலஹாமி.”

“கல்லு கிடக்கும். எழுநூறுன்னு சொன்னது எங்க அப்பச்சி. அப்பச்சி பொய் சொல்றதா?”

அவர் சொன்ன கதை இது. முன்னொரு காலத்தில் கீழ்நாட்டு அரசன் ஒருவன் மலைநாட்டைப் பிடிக்கப் படையோடு வந்தான். அரசனின் பெயர் அவருக்கும் தெரியாது, அவருடைய அப்பச்சிக்கும் தெரியாது. கணவாய்க்குள் நுழையுமுன் ஒவ்வொரு சிப்பாயும் மேட்டில் ஒரு கல் வைக்க வேண்டும், திரும்பி வரும்போது ஒரு கல்லை எடுத்துவிட வேண்டும் என்று கட்டளை. கடைசியில் எத்தனை கல் மிஞ்சுகிறதோ அத்தனை பேர் செத்தார்கள். கணக்கப்பிள்ளையும் ஏடும் தேவைப்படாத கணக்கு. அதைக் கேட்டபோது, தொழில்காரன் என்ற முறையில் எனக்குக் கொஞ்சம் மரியாதை வந்தது.

மேலே காத்திருந்தவர்கள் நாற்பது பேர். கித்துள் சீவுகிற கத்தியைத் தவிர ஆயுதம் இல்லை. இரண்டு நாள் பனிமூட்டத்தில் படுத்துக் கிடந்தார்கள். படை முழுதும் ஒற்றை வரிசையாகக் கணவாய்க்குள் வந்த பிறகு, உச்சியிலிருந்து கயிற்றில் தீப்பந்தங்களை இறக்கித் தேன் கூடுகளைக் கலைத்துவிட்டார்கள். இரும்புச் சட்டை போட்டிருந்தவர்களுக்குத்தான் மோசம். சட்டைக்குள் புகுந்த தேனீயை விரட்ட முடியாது. பள்ளத்தில் குதித்தார்கள். தப்பியவர்கள் கீழே ஓடி வந்து ஆளுக்கொரு கல்லை எடுத்துவிட்டுப் போனார்கள். மிஞ்சியது எழுநூறு. கிராமத்தார் இன்றைக்கும் அந்தப் பாறைக்கடியில் சத்தம் போட்டுப் பேச மாட்டார்கள்.

தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்தில் இதே சண்டைக்கு வேறு கதை. முன்வரிசையில் போனவர்கள் கடல் கடந்து கூட்டி வந்த தமிழ்ச் சிப்பாய்கள். தேனீ கலைந்தபோது அரசனின் சொந்த ஆட்கள் ஓடினார்கள். இவர்கள் உத்தரவு வரவில்லை என்று நின்ற இடத்திலேயே நின்றார்கள், நின்றபடியே செத்தார்கள். அதனால் அவர்கள் பட்டாளத்து சாமி. ஆடி மாதம் சேவல் அறுப்பார்கள்.

“நம்ம பூட்டன்மார் வந்ததே வெள்ளைக்காரன் கோப்பி போட்ட காலத்துல. சண்டை அதுக்கு எத்தனையோ நூறு வருஷத்துக்கு முந்தி. எப்படி அவங்க நம்ம ஆளுங்களாவாங்க?” என்று வயதான கங்காணி ஒருவரிடம் ஒரு முறை கேட்டேன்.

“கிளாக்கரய்யா, செக்ரோல்ல பேர் இருக்கிறவனை மட்டுந்தான் நீங்க ஆளுன்னு ஒத்துக்குவீங்க,” என்றார்.

நான் தேடிய சரித்திரப் புத்தகங்கள் எதிலும் இந்தச் சண்டை இல்லை. தேனீயும் இல்லை, எழுநூறும் இல்லை.

சின்னக் குவியல் தோட்டத்து ஆட்களுடையது. யார் எப்போது தொடங்கினார்கள் என்று தெரியாது. தோட்டத்தை விட்டு வெளியே வேலைக்குப் போகிறவர்கள் மேட்டுக்கு வந்து ஒரு கல் வைத்துவிட்டுப் போவார்கள். திரும்பி வந்ததும் எடுத்து ஓரமாகப் போடுவார்கள். மறுபடி போகும்போது அதே கல்லை வைப்பார்கள். ஒருவர் கல்லை இன்னொருவர் தொடக்கூடாது. போனவர் செத்துவிட்டார் என்று உறுதியானால், ஆடியில் சொந்தக்காரர்கள் அந்தக் கல்லைத் தூக்கிப் பெரிய குவியலில் சேர்த்து, சேவல் அறுத்துவிட்டு வருவார்கள். பெரிய குவியலின் தொகை ராலஹாமியின் எழுநூறைத் தாண்டியதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். அவர் ஒப்புக்கொள்ளவில்லை.

எங்கள் மகன் 1995-இல், உயர்தரப் பரீட்சையில் இரண்டு பாடம் தேறி ஒன்று தவறி, கொழும்பில் ஓர் இரும்புக் கடைக்குக் கணக்கெழுதப் போனான். வயது இருபத்தொன்று. போகிற அன்று காலை மூன்று பேரும் மேட்டுக்கு ஏறினோம். வழியில் ஓடையிலிருந்து ஒரு வெள்ளைக் கல்லைத் தூக்கி வந்தான். பாதித் தேங்காயைவிடப் பெரியது. மற்றவர்களுடைய கற்கள் எல்லாம் கைக்கு அடக்கமானவை, கறுப்பு.

“எதுக்குடா இவ்வளவு பெரிய கல்லு?”

“பெருசா இருந்தாத்தாம்ப்பா எண்ணுறப்போ நீங்க தவற விடமாட்டீங்க.”

“நான் எதையும் தவற விட்டதில்ல.”

“போன மாசம் என் பொறந்த நாளு?”

அவன் அம்மா மூச்சு வாங்கிக்கொண்டே சிரித்தாள். அவன் கல்லை வைத்துவிட்டு, அது ஆடாதபடி அடியில் ஒரு சில்லைச் செருகினான்.

தீபாவளிக்கு வந்தான். பொங்கலுக்கு வந்தான். சித்திரை வருஷப் பிறப்புக்கு வந்தான். மறுபடி தீபாவளிக்கு வந்தான். ஐந்து முறை வைத்தான், நான்கு முறை எடுத்தான்.

1997 மார்ச் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, தங்கியிருந்த அறையிலிருந்து முடி வெட்டப் போனான். திரும்பவில்லை. அந்த நாட்களில் சுற்றிவளைப்பு நடந்தால் ஆமியும் போலீசும் தமிழ்ப் பொடியன்களை லொறியில் ஏற்றிப் போவார்கள். பெரும்பாலானவர்கள் இரண்டு மூன்று நாளில் வந்துவிடுவார்கள். அன்றைக்கு அந்தத் தெருவில் சுற்றிவளைப்பு நடந்தது என்று ஒருவர் சொன்னார். நடக்கவில்லை என்று இன்னொருவர் சொன்னார். முடி வெட்டுகிறவருக்கு அவன் வந்தானா வரவில்லையா என்பதே நினைவில்லை.

ஆறு முறை கொழும்புக்குப் போனேன். பதினொரு போலீஸ் நிலையங்கள். பதினொன்றிலும் வாசலில் ஒரு பெஞ்சு இருந்தது. உட்காரச் சொன்னார்கள். பெயரைச் சொல்லச் சொன்னார்கள். புத்தகத்தைத் திறந்து பார்த்துவிட்டு இல்லை என்றார்கள். நானும் அப்படி ஒரு புத்தகத்தை முப்பத்தெட்டு வருஷம் வைத்திருந்தவன். ஒருவர் விரலை வைத்துத் தேடும்போது உண்மையாகவே தேடுகிறாரா என்று எனக்குத் தெரியும். நான்கு பேர் உண்மையாகத் தேடினார்கள்.

இரண்டு வருஷம் போனது. அந்த இரண்டு வருஷத்தில் நான் என்ன நினைத்தேன் என்று கேட்டால், ஒன்றும் ஞாபகம் வரவில்லை. காலையில் எழுந்தேன். வீட்டுப் படிகள் ஏழு. கிணற்றுக்கு நூற்றுப் பதினெட்டுக் காலடி. சாப்பிட்டேன் என்றுதான் நினைக்கிறேன். சட்டை பெரிதாகிக்கொண்டே போனதால் மனைவி பொத்தான்களை இரண்டு தடவை மாற்றித் தைத்தாள்.

1999-இல், ஆடி பிறப்பதற்கு முன், கங்காணியும் கோயில் பூசாரியும் வீட்டுக்கு வந்தார்கள்.

“ரெண்டு வருஷம் முடிஞ்சு மூணு மாசமாச்சுங்க,” என்றார் கங்காணி.

“தெரியும்.”

“இந்த ஆடியில கல்லை மாத்திருவோம், கிளாக்கரய்யா. அங்கயும் இல்லாம இங்கயும் இல்லாம புள்ளைய நிறுத்தி வைக்கக்கூடாதுங்க.”

“சாமிக்கும் கணக்கு வேணுமில்ல,” என்றார் பூசாரி.

சரி என்றேன்.  அடுப்படியில் தேங்காய் துருவும் சத்தம் நின்றது. பிறகு மறுபடி தொடங்கியது. என் மனைவி வெளியே வரவில்லை.

அதே வாரம் கிராம சேவகர் ஒரு படிவம் கொண்டுவந்தார். காணாமற்போனவருக்கு மரணச் சான்று எடுக்கிற படிவம். பன்னிரண்டு கட்டங்கள். பதினொன்றை அவர் முன்னாலேயே நிரப்பினேன். பன்னிரண்டாவது, தகப்பன் கையெழுத்து. கல்லை மாற்றிய பிறகு போட்டுத் தருகிறேன் என்றேன். எனக்கு எதிலும் ஒரு வரிசை வேண்டும்.

ஆடியில் ஏழு பேர் ஏறினோம். மனைவி வரவில்லை, முழங்கால் வலி என்றாள். பூசாரி கையில் சேவல். மேட்டை அடைந்ததும் வழக்கம்போல் முதலில் சின்னக் குவியலை எண்ணினேன். போன தடவை அறுபத்தொன்று. அதற்குப் பிறகு யாரும் வரவும் இல்லை, போகவும் இல்லை. தோட்டத்தில் விசாரித்துக்கொண்டுதான் வந்திருந்தேன். அறுபது வந்தது. மறுபடி எண்ணினேன். அறுபது. மூன்றாம் முறை எண்ணும்போதுதான் குவியலில் வெள்ளை எதுவும் இல்லை என்பது கண்ணில் பட்டது.

அவன் கல் இருந்த இடத்தில் ஒரு குழி. மண் இன்னும் ஈரம். ஒரு மண்புழு நெளிந்துகொண்டிருந்தது. அவன் செருகிய சில்லு பக்கத்தில் கிடந்தது.

 கங்காணி குனிந்து குழியைப் பார்த்து, “எடுத்துட்டான்,” என்றார்.

“யாரு?” என்றார் பூசாரி.

“யாரு கல்லோ அவன்தான். வேற யாரு தொடுவா?”

எங்கள் ஆட்களில் எவருக்கும் வேறு யோசனை வந்திருக்காது. எனக்கும் வரவில்லை. பாறைகூட இடம் மாறும், இன்னொருவர் கல்லை ஒருவர் தொடுவது நடக்காது. பூசாரி சேவலைத் திருப்பிக் கொண்டுவந்தார். அது அதற்குப் பிறகு ஒன்றரை வருஷம் உயிரோடு இருந்தது.

நேரே ராலஹாமியிடம் போனேன்.

“ஆமா, மாத்தயா. முந்தாநாள் விடியப்புறம். நான் மரத்துல இருந்தேன். ஒரு ஆளு மேட்டுல இருந்து எறங்கிச்சு.”

“எப்படிப்பட்ட ஆளு?”

“தலைக்கு மேல மழைப் படங்கு. ஒரே மிஸ்ட். நெஞ்சோட எதையோ அணைச்சுப் பிடிச்சுக்கிட்டு, மெதுவா.”

“பொடியனா?”

“மரத்து உச்சியில இருந்து பாத்தா எல்லாரும் ஒண்ணுதான், மாத்தயா.”

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் கையிலிருந்த சுளகைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். “அப்ப கல்லை மாத்தலையா?” என்று மட்டும் கேட்டாள். இல்லை என்றேன். “கையெழுத்து?” என்றாள். அதுவும் இல்லை என்றேன். சுளகை எடுத்து மறுபடி அரிசி புடைத்தாள்.

கிராம சேவகரிடம், என் மகன் உயிரோடு இருக்கிறான், படிவம் தேவையில்லை என்று சொன்னேன். பஜாரில் சொன்னேன். சந்தியில் நிறுத்தும் பஸ்கள் ஒரு நாளைக்கு எட்டு. அதில் நான்குக்கு நான் போய் நிற்பேன். அவனை விசாரித்து இருபத்து மூன்று கடிதம் எழுதினேன். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் மூன்று இலை போடச் சொன்னேன். மனைவி மறுக்காமல் போட்டாள். மூன்றாவது இலையில் இருப்பதைக் கடைசியில் அவளே சாப்பிட்டாள்.

உயிரோடு இருக்கிறான் என்று தெரிந்தவுடன் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்கு வந்தது கோபம். மேட்டிலிருந்து எங்கள் வீடு ஒரு மணி நேரம், இறக்கம். அவ்வளவு தூரம் வந்தவன், கல்லை எடுத்தவன், ஏன் இறங்கி வரவில்லை? ஒரு நோட்டில் காரணங்களை எழுதினேன். ஆமிக்குப் பயம். போலீசுக்குப் பயம். உடம்பில் ஏதாவது குறை வந்திருக்கும். கல்யாணம் செய்திருப்பான். இப்படி ஆறு வந்தது. ஏழாவதாக, அப்பாவைப் பார்க்க விருப்பமில்லை என்று எழுதினேன். மற்ற ஆறையும் ஒவ்வொன்றாக வெட்டினேன். ஏழாவதை வெட்ட முடியவில்லை. பிறந்த நாளை மறந்ததையெல்லாம் நினைத்துப் பார்த்தேன்.

இப்படி ஐந்து வருஷம்.

2004-இல் மனைவிக்குக் கர்ப்பப்பையை எடுக்க வேண்டும் என்று இரத்தினபுரி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நான் வீட்டில் தனியாக இருந்தேன். மூன்றாம் நாள், குளிக்க வெந்நீர் வைக்கப் பின்வாசலுக்குப் போனேன். அங்கே ஒரு திறந்த அடுப்பு, மூன்று கல் போட்டது. பெரிய அண்டாவைத் தனியாகத் தூக்கி வைத்துப் பழக்கமில்லை. ஒரு பக்கம் சரிந்தது. சரிசெய்ய ஒரு கல்லைப் பிடித்து இழுத்தேன். கை வழுக்கி, அது படியில் மோதி ஒரு சில்லு தெறித்தது.

உடைந்த இடம் வெள்ளையாக இருந்தது.

அந்த வீட்டில் என்னென்ன எத்தனை இருக்கின்றன என்று எனக்குத் தெரியும். ஜன்னல் கம்பி இருபத்தெட்டு. ஓடு நானூற்று ஆறு. அடுப்புக் கல்லை நான் எண்ணியதே இல்லை. எந்த வீட்டிலும் அது மூன்றுதான்.

தென்னந்தும்பால் ஒரு பக்கத்தைத் தேய்த்தேன். கரி போகவில்லை. போன அளவுக்குப் போதும். அண்டாவிலிருந்த தண்ணீரைக் கொட்டிவிட்டு, குளிக்காமல், சட்டையை மாற்றிக்கொண்டு பஸ்ஸுக்குப் போனேன்.

பார்வையாளர் நேரம் பன்னிரண்டு மணி. அவள் கட்டில் ஜன்னலிலிருந்து ஐந்தாவது. ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

“சாப்பிட்டீங்களா?” என்றாள்.

“அடுப்புக் கல்லு ஒடைஞ்சிருச்சு.”

“எது?”

“வாசல் பக்கத்தது.”

அவள் மேலே சுற்றுகிற ஃபேனைப் பார்த்தாள். பக்கத்துக் கட்டிலில் இருந்தவள், வேறொரு தோட்டத்துப் பெண், இந்தப் பக்கம் திரும்பினாள். “ஏன் அக்கா, அடுப்புக் கல்லு ஒடைஞ்சதைச் சொல்லவா ஐயா இம்புட்டுத் தூரம் பஸ் ஏறி வந்தாரு?”

“அவரு அப்படித்தான், தங்கச்சி. வீட்டுல ஒரு கரண்டி கொறைஞ்சாலும் சொல்ல வருவாரு.”

அந்தப் பெண் சிரித்துவிட்டுத் திரும்பிப் படுத்தாள். நான் குரலைத் தாழ்த்தினேன்.

“முன்னால இருந்த கல்லு எங்க?”

“கறிவேப்பிலை மரத்தடியில.”

“நீதானா அது? படங்கு போட்டுக்கிட்டு?”

“அந்த முழங்காலோட நான் எறங்கினது எனக்குத்தாங்க தெரியும். ரெண்டு எடத்துல உக்காந்தேன்.”

இன்னொருவர் கல்லைத் தொடக்கூடாது என்பது உனக்குத் தெரியாதா என்று கேட்டேன். அப்போதுதான் அவள் அந்தக் கதையைச் சொன்னாள். கல்யாணத்துக்கு முன்னும் பின்னும் பல வருஷம் அவள் தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில் ஆயாவாக இருந்தவள். கொழுந்து பறிக்கிற பெண்கள் கைக்குழந்தைகளை அங்கே விட்டுவிட்டுப் போவார்கள். பால் கொடுக்க வந்து உட்காரும்போது பேசுவார்கள். அங்கே பேசிய கதை அது.

“படையோட ஒரு ஆத்தாளும் போயிருக்கா. சிப்பாய்ங்களுக்குச் சோறாக்கிப் போட. அவ மகனும் அதுல ஒருத்தன். சண்டை முடிஞ்சு ராசா மேட்டுல உக்காந்து எண்ணிப் பாக்குறாரு. மகன் வரல. இவ யாருக்கும் தெரியாம ஒரு கல்லை எடுத்து மடியில கட்டிக்கிட்டா. ராசாவுக்குக் கணக்கு ஒதைக்குது. இத்தனை பேர் ஏறினான், இத்தனை பேர் எறங்கினான், மிச்சம் இத்தனை கல்லு இருக்கணும். ஒண்ணு கொறையுது. அப்ப ஒருத்தன் உசுரோட இருக்கான், தேடுங்கன்னுட்டாரு.”

“தேடினாங்களா?”

“வீடு வீடாத் தேடினாங்க. இவ கல்லை அடுப்புல வச்சுட்டா. அடுப்புல மூணு கல்லைப் பாத்து யாரு என்ன கேக்கப் போறா? கணக்கு முடியாம ராசாவால சண்டையை முடிக்க முடியல. தலை நரைக்கிற வரைக்கும் அந்த மேட்டுலயே உக்காந்திருந்தாராம்.”

“மகன் என்ன ஆனான்?”

“அது கதையில இல்லைங்க.”

தாதி ஒருத்தி வந்து வெப்பம் பார்த்து எழுதிவிட்டுப் போனாள். நான் அந்த அட்டையைப் பார்த்தேன். தொண்ணூற்றெட்டுப் புள்ளி நான்கு.

“எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே. அஞ்சு வருஷம்.”

“சொன்னா நீங்க அன்னைக்கே நோட்டுல அறுபத்தொண்ணுன்னு திருத்தி எழுதியிருப்பீங்க.”

எழுதியிருப்பேன். அதை நான் மறுக்கவில்லை.

“பஜார் முழுக்கச் சொல்லிட்டேன்,” என்றேன். “வந்துட்டு வீட்டுக்கு வராமப் போயிட்டானேன்னு அவன் மேல...”

“தெரியும். அஞ்சு வருஷமா அவன் மேல கோவமா இருந்தீங்க. பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்.” போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டாள். “செத்தவன் மேல யாருங்க கோவப்படுவா? கோவத்துலயாவது ஒழுங்காச் சாப்பிட்டீங்க.”

பார்வையாளர் நேரம் முடிந்ததற்கு மணி அடித்தார்கள். கொண்டுபோன இளநீரைக் கொடுக்க மறந்து, அதை மறுபடி வீட்டுக்கே தூக்கி வந்தேன்.

அந்த உடைந்த கல்லை என்ன செய்வது என்று மூன்று நாள் யோசித்தேன். மேட்டில் பழைய இடத்தில் கொண்டுபோய் வைத்தால் கணக்கு நேராகும். கங்காணி அப்போது உயிரோடு இல்லை, பூசாரி இருந்தார். ஆடிக்கு இரண்டு மாதம்தான். வைத்தால் அடுத்தது பெரிய குவியல். மனைவி வீட்டுக்கு வருவதற்கு முதல் நாள், கல்லை அடுப்பிலேயே, உடைந்த பக்கம் நெருப்பைப் பார்க்கும்படி திருப்பி வைத்தேன். ஒன்பது நாளில் அதுவும் கறுத்துவிட்டது. நாங்கள் அதைப் பற்றி மறுபடி பேசவில்லை. அந்தத் தீபாவளிக்கு எத்தனை இலை என்று அவள் கேட்டாள். மூன்று என்றேன்.

2009 மே மாதம் பஜாரில் வெடி கொளுத்தினார்கள். ராலஹாமி ஒரு தட்டில் பாற்சோறு கொண்டுவந்து கொடுத்தார். அவர் கித்துள் ஏறுவதை நிறுத்தி மூன்று வருஷம்.

“சண்டை முடிஞ்சுது, மாத்தயா,” என்றார். சந்தோஷமாகத்தான் வந்திருந்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தட்டை என் கையில் கொடுக்காமல் மேசையில் வைத்தார். “இனி பொடியன் வரலாந்தானே?”

“வரலாம்,” என்றேன்.

வானொலியில் எண்கள் சொன்னார்கள். நான் எழுதிக்கொள்ளவில்லை.

அடுத்த மாதம் புதிய கிராம சேவகர் வந்தாள். சின்ன வயதுப் பெண். வாக்காளர் பட்டியலைத் திருத்துகிறார்களாம். கைப்பையிலிருந்து அதே படிவத்தை எடுத்தாள். நாங்கள் சிங்களத்தில் பேசினோம்.

“பன்னிரண்டு வருஷமாச்சு, ஐயா. பட்டியலில் இன்னும் பெயர் இருக்கிறது. பழையதையெல்லாம் முடித்துக் கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள்.”

படிவம் மாறவில்லை. பன்னிரண்டு கட்டங்கள். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாக நிரப்பினேன். பிறந்த திகதியைச் சரியாக எழுதினேன். கடைசியாகக் கண்ட திகதி என்ற இடத்தில், அவன் கடைசியாக வந்துபோன 1996 தீபாவளிக்கு மூன்றாம் நாளை எழுதினேன். பதினொன்று முடிந்தது. பின்வாசல் திறந்திருந்தது. மனைவி அவளுக்குத் தேத்தண்ணி போடத் தண்ணீர் கொதிக்க வைத்துக்கொண்டிருந்தாள். மழை ஈரத்தில் விறகு பிடிக்கவில்லை, குனிந்து ஊதினாள். மூன்று கல்லும் ஒரே கறுப்பு. எது எது என்று எனக்கே சொல்ல முடியாது.

முப்பத்தெட்டு வருஷத்தில் நான் ஒரு பேரைக்கூடப் பொய்யாகப் போட்டதில்லை. வராதவனுக்குப் போட்டதில்லை, வந்தவனுக்கு வெட்டியதில்லை. அவன் வரவில்லை என்று எனக்குத் தெரியும். அந்தப் பெண் பேனையின் மூடியைக் கழற்றி நீட்டினாள். அவள் நல்ல பெண்.

“எண்ணிக்கையில் ஒன்று குறைகிறது, மகள்,” என்றேன். “சரிவந்த பிறகு போடுகிறேன்.”

“எந்த எண்ணிக்கை, ஐயா?”

“மேட்டில்.”

அவளுக்குப் புரியவில்லை. ஆனால் வயதானவர்களுடன் பேசிப் பழகியிருந்தாள். “எவ்வளவு நாளாகும்?” என்று கேட்டாள்.

“சொல்ல முடியாது.”

தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, படிவத்தை வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த மாதம் வருகிறேன் என்று எழுந்தாள். குடையை விரித்துக்கொண்டு ஏழு படியும் இறங்கிப் போனாள். மனைவி வந்து கோப்பையை எடுத்தாள்.

“என்னாங்க சொல்லிட்டுப் போகுது அந்தப் புள்ள?”

“அடுத்த மாசம் வருமாம்.”

“தேத்தண்ணி பொகை அடிச்சுதா? வெறகு ஈரம்.”

“ஒண்ணும் சொல்லல.”

படிவத்தை நான்காக மடித்து டிரங்குப் பெட்டியில், 1999-இல் வந்ததற்கு மேலே வைத்தேன். இரண்டு. இரண்டிலும் பதினொரு கட்டம் நிரம்பியிருக்கிறது.